வாஷர் சுட்ட பொட்டலங்கள்

குழாய் வேலை பார்க்கும் அவரைத் தெருவே 'வாஷர்' என்றுதான் கூப்பிடும். எந்த வீட்டில் எது ஒழுகினாலும், பையைக் கீழே வைக்கும் முன்பே "வாஷர் போயிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாதித் தடவை அது சரியாகவும் இருந்துவிடும். இருபது வருஷத்தில் சொந்த வீட்டுச் சமையலறைக்குள் அவர் போனது, பாத்திரத் தொட்டிக்கு அடியில் படுக்க மட்டுமே.

ஏணியிலிருந்து வழுக்கிக் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். ஆறு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்றார் டாக்டர். மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் மிளகு போட்டு வதக்கி, மாவுக்குள் பொதிந்து, ஓவனில் பொட்டலம் பொட்டலமாகச் சுடுவாள். அந்த ஞாயிறு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஒரே ஒரு பொட்டலம் ஓரம் பிரிந்து வழிந்திருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஜாயிண்ட் சரியில்ல" என்றார்.

மனைவி கோபப்படவில்லை. மாவு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். "நாளையிலேருந்து நீங்களே போடுங்க. எனக்கும் ஓய்வாச்சு."

மறுநாள் அவள் கிளம்பியதும் ஆரம்பித்தார். சிமெண்ட் குழைக்கிற வேகத்தில் மாவைப் பிசைந்தார். பூரணத்தை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு சூடாக, தாராளமாக அள்ளி வைத்தார். கட்டைவிரலால் அவர் அழுத்திய அழுத்தில் ஓரங்கள் கிழிந்தே போயின. கல்லூரியிலிருந்து வந்த மகள் ஓவனைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாம் வாயைத் திறந்துகிட்டுத் தூங்குதுப்பா. உங்கள மாதிரியே."

மாவு மட்டம் என்றார். அடுத்த நாள் ஓவன் மட்டம் என்றார். வியாழக்கிழமை தன் பையிலிருந்து குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்தார். மகள் பிடுங்கி அலமாரி மேல் எறிந்தாள். விளையாட்டுக்கு எடுத்தேன் என்று சாதித்தார். மனைவியிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. கேட்டால் மீசை என்ன ஆவது?

அன்று சாயங்காலம் மனைவி சமையலறையில் நின்று, கூடம் வரை கேட்கிற மாதிரி, தங்கையிடம் போனில் பேசினாள். "பூரணம் நல்லா ஆறணும்டி. சூடா வெச்சா ஆவி முட்டிப் பிரிஞ்சிடும். ஒரு கரண்டிக்கு மேல வெக்காத. ஓரத்துல தண்ணி தொட்டு ஒட்டிட்டு, மேல முள்கரண்டியால ரெண்டு குத்து குத்து."

கூடத்தில் அவர் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் படித்தார். அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே சித்திதான் என்று தெரிந்த மகள், சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் புகுந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பொட்டலங்கள். பதினொன்று வாயை மூடிக்கொண்டு பொன்னிறமாகப் புடைத்திருந்தன. மனைவி வேலை முடிந்து வந்ததும், தட்டோடு நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். "ஆவிக்கு வழி விடணும், அவ்வளவுதான். குழாய் வேலை தெரிஞ்சவனுக்குத்தான் இது புரியும்."

"அப்படியா? எனக்குத் தோணவே இல்லையே." செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒன்றை எடுத்துக் கடித்தாள். உப்புக் கம்மி. இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள்.

கால் சரியான பிறகும் ஞாயிற்றுக்கிழமை மாவு அவருடையதாகவே ஆகிவிட்டது. மனைவி காலை நீட்டி உட்கார்ந்து வார இதழ் படிக்கிறாள். அவரோ, போகிற வீடுகளிலெல்லாம் பூரணத்தை எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். குழாய் அதுபாட்டுக்கு ஒழுகுகிறது.