வயர் பிடித்த சனிக்கிழமைகள்

எனக்கு அறுபத்தைந்து வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் இரண்டு என் வயிற்றில் பிறக்காதவை. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

போன வாரம் முழுக்கப் பேரன் என்னைக் கீபோர்டு பக்கத்தில் உட்கார வைத்திருந்தான். கம்ப்யூட்டரிலிருந்து மிடி வயர் வழியாக அவன் அனுப்பும் சுரங்கள் சில நேரம் கீபோர்டுக்கு வந்து சேரும், சில நேரம் நடுவழியில் காணாமல் போகும். வந்தது நிற்காமல் அலறுவதும் உண்டு. அவன் அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பான். நான் இந்தப் பக்கமிருந்து "வந்துச்சு", "வரல" என்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி வேலை எனக்குப் புதிதில்லை.

அம்மா இறந்து, அப்பா லாரி ஓட்டப் போன பிறகு, பீடோங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தேன். சனிக்கிழமையானால் பெரியம்மா தன் பிள்ளைகளோடு படம் பார்க்க டவுனுக்குப் போய்விடுவார். வீட்டுக்குக் காவல் நான். தோட்டத்து எஞ்சின் ஓடி லைட் வரும்வரை கதவுக்குப் பின்னால் நின்று பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதே வீட்டில் இருந்த சித்தப்பா, கல்யாண விருந்துகளில் ஆர்கன் வாசிப்பவர். அவரிடம் ஒரு தாளப்பெட்டி இருந்தது. காலடிக் கட்டையை மிதித்தால் தாளம் தொடங்க வேண்டும், மறுபடி மிதித்தால் நிற்க வேண்டும். ஒருநாள் அது சொன்னபடி கேட்கவில்லை. தோட்டத்துக் கரண்டுதான் காரணம் என்றார். நல்ல கரண்டு இருந்த பீடோங் கல்யாணத்திலோ, பாதிரியார் ஜெபிக்க எழுந்த பிறகும் சா-சா-சா தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தார், வயர் முனையை மணல்தாள் போட்டுத் தேய்த்தார், கட்டையை மாற்றினார். கடைசியில், கட்டையைப் பெட்டியோடு இணைக்கும் வயர்தான் கோளாறு என்று தெரிந்தது. அதன் கழுத்தை மடக்கி நான் இறுக்கிப் பிடித்தால் மட்டும் தாளம் மிதித்ததும் வந்தது, மிதித்ததும் நின்றது.

வயதுக்கு வரப்போகும் பிள்ளைக்குப் பேண்டுக்காரர்களோடு என்ன வேலை என்று பெரியம்மா மறித்தார்.

"இவ கை வச்சாத்தான் பெட்டி பேசுது அண்ணி. நான் என்ன செய்ய?" என்றார் சித்தப்பா.

அப்படித்தான் சனிக்கிழமைதோறும் நானும் வேனில் ஏறினேன். மேசைக்கு அடியில் உட்கார்ந்து வயரைப் பிடித்திருப்பேன். மேலிருந்து அவர் கை நீளும், அதில் ஒரு பலகாரம் இருக்கும். புது வயர் வாங்கினால் என்ன மாஸ்டர் என்று கித்தார் வாசிக்கும் அண்ணன் கேட்டதற்கு, "பினாங்குலகூடக் கிடைக்காதுலா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்குரூ டிரைவர் எடுத்துவரச் சொன்னார் பெரியம்மா. சித்தப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில், சணல் போட்டுக் கட்டிய புது வயர். அதே முனை. பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்து, இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஓடினேன்.

"சித்தப்பா, புது வயரு இங்கயே இருக்கு."

பெரியம்மா வயரைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அப்ப இனிமே பிள்ளய இழுத்துக்கிட்டு அலைய வேண்டாம்."

"ஆமா அண்ணி. மறந்தே போச்சு," என்றார் சித்தப்பா. என் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டிக்காரி என்பார் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை திகாம் பத்து என்ற ஊரில் கல்யாணம். பழக்கத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வேன் போய்விட்டது.

மறுநாள் கித்தார் அண்ணன் வந்து, "புது வயரு ஒரு தடவகூடத் தப்பல பாப்பா. ஒனக்கு வேல போச்சுலா," என்று சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கண்டெடுத்தவள் நானல்லவா. சித்தப்பா மட்டும் கல்யாண வீட்டு கேக்கை என் கையில் வைத்து, தலையைத் தடவிவிட்டுப் போனார். ஏனென்று அன்று எனக்குப் புரியவில்லை.

பேரனும் நேற்று வேறு வயர் மாட்டினான். எல்லாச் சுரமும் ஒழுங்காகப் போகிறதாம். காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டான்.

தம்பி, அதைக் கொஞ்சம் கழற்று. பாட்டி எழுதினதுல எங்கயாவது எழுத்து விட்டுப்போச்சான்னு தெரியல. இங்க பக்கத்துல ஒக்காந்து, மெதுவா வாசி.