ஆம்புலன்ஸுல நான் போத்துன வேட்டி

எம் பேத்திக்கு நாலு வயசு ஆவுது. இன்னும் தலை நிக்கல. பொறந்தப்ப அது அழுவல. மூச்சு கிடைக்காம மூளை அடிபட்டுப்போச்சுன்னாங்க. மாசத்துக்கு ரெண்டு வாட்டி நானும் எம் பொண்ணும் அதைத் தூக்கிக்கினு திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் போறோம், கை காலை நீட்டி மடக்கி வுடுறதுக்கு. பஸ்ஸுல எடம் கிடைக்கிறதே பெரிய பேஜாரு. அது கெடக்கட்டும்.

போன வாரம் அங்க புதுசா ஒரு டாக்டரம்மா இருந்துச்சு. "நாலு வருசமா இதையே பண்ணிக்கினு இருக்கீங்களே, மூளைக்கு ஒரு மருந்து கெடையாதாம்மா?"ன்னு கேட்டுட்டேன்.

அது பொறுமையாத்தான் சொல்லுச்சு. "உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைக்ரோ ஆர்என்ஏன்னு துக்குணூண்டு சீட்டு மாதிரி இருக்குது தாத்தா. எந்த வேலைய நிறுத்தணும், எதைக் கொறைக்கணும்னு அதுதான் சொல்லும். மூச்சு கிடைக்காத மூளையில அது தாறுமாறா ஆயிடுது. அதைச் சரி பண்ணா மூளையக் காப்பாத்தலாமான்னு பாக்குறாங்க."

"யாருக்குப் பாக்குறாங்க?"

"இப்போதைக்கு எலிக்குத்தான்."

எனக்கு எரிச்சலா வந்துச்சு. "ஏம்மா, எங்க நெலத்துல மல்லாட்டையத் தோண்டி கடலையத் தின்னுட்டுப் போற எலிக்கு வைத்தியம் இருக்குது, எம் பேத்திக்கு இல்லையா?"

டாக்டரம்மா சிரிச்சுடுச்சு. எம் பொண்ணு சிரிக்கல.

"அது வந்தாலும் பொறந்த குழந்தைக்குத்தான் தாத்தா, இவளுக்கு உதவாது. அப்ப கையில இருந்தது ஒண்ணே ஒண்ணு. மூளை மேல கெடாம இருக்க, பொறந்த ஆறு மணி நேரத்துக்குள்ள குழந்தைய குளிர வைக்கிறது. இவளுக்கும் வச்சிருக்காங்க."

அதுக்கு மேல எனக்குக் காது கேக்கல.

எங்க வூட்டுல கொழந்தை பொறந்தா தாத்தனோட பழைய வேட்டியிலதான் மொத மொதல்ல சுத்துவோம். நானும் ஒண்ணைத் தொவச்சி, கிழிச்சி, பையில வச்சிருந்தேன். பொண்ணு திண்டிவனத்துல ஆபரேஷன் பண்ணிக் கெடந்தா. மாப்பிள்ளை அவகூட. குளிர வைக்கிற மிஷினு விழுப்புரத்துலதான்னு, கொழந்தையோட ஆம்புலன்ஸுல அங்க நான்தான் போனேன். "போத்தாதீங்க பெரியவரே, சில்லுனு இருக்கணும்"னு நர்ஸம்மா சொல்லத்தான் சொன்னாங்க. பொறந்த கொழந்தைய எவனாவது குளிர்ல போடுவானா? தொட்டா ஜில்லுனு கெடக்குது. கூட்டேரிப்பட்டு தாண்டி அவங்க போன்ல பேசிக்கினு இருந்தப்ப வேட்டிய எடுத்துப் போத்திட்டேன். விக்கிரவாண்டி வந்தப்பதான் அவங்க பாத்தாங்க. வெடுக்குனு உருவிப் போட்டாங்க. அதை நான் யாருகிட்டயும் சொல்லல.

பொண்ணு மருந்துச் சீட்டு வாங்கப் போனப்ப டாக்டரம்மாகிட்ட வேட்டி போத்துனதை மெதுவாச் சொன்னேன். "அதனாலதான் இப்படி ஆயிடுச்சாம்மா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது தாத்தா."

இல்லைன்னாவது சொல்லக் கூடாதா? ஆமான்னாவது சொல்லித் தொலைக்கலாம். எலி மூளையில இருக்குற சீட்டைப் படிக்கிறாங்க, இதுக்கு ஒரு பதில் இல்ல.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல பேத்திய மடியில வச்சிக்கினு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். அன்னைக்கு நான் வேட்டி போத்திட்டேம்மான்னு.

அவ ஜன்னலப் பாத்துக்கினே, "தெரியும்பா. நர்ஸு அப்பவே சொன்னாங்க"ன்னா.

நாலு வருசமா தெரிஞ்சிக்கினே கூட வந்திருக்கா. திட்டியிருந்தா தேவலையே. "ஏன் கேக்கல என்னைய?"ன்னு நான்தான் கத்துனேன்.

"தலையப் புடிப்பா. பிரேக் போடுறான்"ன்னா.