கருக்களாச்சேரி ஐஸும் மண்டபத்தூர் ஆட்டமும்

எனக்குத் தாளம் வராது. பஜனையில் நான் கை தட்டினால், பக்கத்தில் இருப்பவர் என் கையைப் பிடித்து மடியில் வைத்துவிடுவார். அப்படிப்பட்ட ஆள், சிங்கப்பூர் நண்பன் என் தலையில் கட்டிவிட்டுப் போன சாம்பிளரை நம்பி, 'நான் தாளம் அமைப்பவனாக்கும்' என்று மாமியார் வீட்டில் பீற்றிக்கொண்டால் என்ன ஆகும்? 2007 மே மாத வெயிலில் காரைக்கால் போக வேண்டியதாகும்.

(சாம்பிளர் தெரியாதவர்களுக்கு: எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து, ரப்பர் பொத்தான்களில் ஏற்றி, விரலால் தட்டித் தாளமாக்கும் பெட்டி.)

என் மைத்துனன் செல்வம் காரைக்கால் தலத்தெருவில் இன்னிசைக் குழு நடத்துகிறான். டிரம்ஸ்காரருக்கு மஞ்சள் காமாலை. சனிக்கிழமையோ மண்டபத்தூரில் ஒரு படகுக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. அது சொதப்பினால் அந்த ஊர்த் திருவிழா மேடையும் எதிர்க்குழுவுக்குப் போய்விடும். "பெட்டிக்குள்ளயே டிரம்ஸ் வச்சிருக்கேன்னீங்களே அத்தான், எடுத்துக்கிட்டு வாங்க" என்றான் போனில்.

திருச்சியில் காலை ஆறு மணிக்கு ஏறினால் தஞ்சை, திருவாரூர் வழியாக நாகை. அங்கே பஸ் மாறி இருபது கிலோமீட்டர், ஏழு ரூபாய். மலிவுச் சரக்குக்குப் பேர்போன காரைக்காலுக்கு டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் என் பையைப் பார்த்துக் கண்ணடித்தார். "திரும்புறப்ப கனக்கும் சார்." போகும்போதே கனப்பதை அவருக்கு எப்படி விளக்க?

போனதும் ஒரு தாளத்தைத் தட்டிக் காட்டினேன். செல்வத்தின் மனைவி கலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்ணே, தையல் மிஷினா கொண்டாந்திருக்கீங்க?"

"கொஞ்சம் அழுக்கா இருக்கணும் அத்தான்" என்றான் செல்வம். "கரகரன்னு, இடுப்பு தானா ஆடணும்."

அழுக்குச் சத்தம் தேடி மறுநாள் காலை செல்வத்தோடு கருக்களாச்சேரி மீனவர் கரைக்குப் போனேன். ஆட்டோ, காத்திருப்பும் சேர்த்து நூறு ரூபாய். கரையில் மரக்கட்டையால் ஐஸ் பாளத்தை உடைத்துக்கொண்டிருந்த மீன்கார அம்மாவிடம் மைக்கை நீட்டினேன்.

"டிவியிலேர்ந்து வர்றீங்களா?"

"இல்லம்மா. உங்க முகம் வேணாம், சத்தம் மட்டும் போதும்."

"அட! எங்க வீட்டுக்காரருக்கு நேர் எதிரா இருக்கீங்களே!"

ஐஸ் உடையும் 'சடக்'கை ஒரு பொத்தானிலும், கவிழ்த்த மீன்பெட்டியின் 'தொம்'மை இன்னொன்றிலும் ஏற்றினேன். முந்திப் பிந்தி விழும் அடிகளைத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டேன். என் விரல் தடுமாறியபடியே பதிவானது. 'சடக்' ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது. செல்வத்தின் கால் தானாக ஆடியது. என் தாளக்கேட்டுக்கு ஆயுளில் முதல் வேலை.

மண்டபத்தூர், காரைக்காலுக்கு வடக்கே ஒன்பது கிலோமீட்டர். மேடையில் பழைய தாளத்தில் இரண்டு பாட்டு சப்பென்று போயின. படகுக்காரர், அதாவது மாப்பிள்ளையின் அப்பா, முன்வரிசையில் கைகட்டி முறைத்துக்கொண்டிருந்தார். செல்வம் என் பக்கம் குனிந்தான். "எடுத்து விடுங்க அத்தான், மானம் போவுது!" புதிய தாளத்தை அழுத்தினேன். சடக்!

மீன் வியாபாரப் பெண்கள் நாலைந்து பேர் விருட்டென்று எழுந்தார்கள்.

"ஏண்டி, ஐஸ் வண்டி வந்துருச்சா?"

"கல்யாணத்துல ஏதுடி ஐஸ் வண்டி? மேடையிலேர்ந்துல்ல வருது!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. எழுந்தவர்கள் உட்காரவில்லை, ஆடினார்கள். மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். பாட்டு முடிந்ததும், "திருவிழாவுக்கும் நீங்கதாம்ப்பா" என்றார் செல்வத்திடம். இரண்டு நாளாக இறங்காத சோறு அன்று பிரியாணியாக மூன்று முறை இறங்கியது.

போகிறவர்களுக்கு: கரைக்கு ஏழு மணிக்குள் போங்கள், வெயில் ஏறினால் ஐஸும் இல்லை, ஆளும் இல்லை. உப்புக்காற்றுக்குப் பெட்டியைப் பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். திரும்பும்போது சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டத் தயாராக இருங்கள். சரக்கு பாட்டில் எதுவும் இல்லை என்றால் நம்பமாட்டார்கள். முக்கியமாக, ஜனம் ஆட வேண்டுமா? அவர்கள் ஊர்ச் சத்தத்தையே எடுத்துத் தாளமாக்குங்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். தாளம் அப்படியே இருந்தது. ஐஸ் சத்தத்தைத்தான் சேமிக்க மறந்திருக்கிறேன்; கரையில் பெட்டியை அணைத்ததுமே அது அழிந்துபோயிருக்கிறது. மண்டபத்தூரில் 'சடக்' என்று ஒலித்தது, பெட்டியோடு கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த சத்தம்.