நாடாவில் தைத்த கம்மல்கள்

தட்டார் நெருப்பில் நகை செய்கிறார், நான் ஊசியில் செய்கிறேன். காயம் மட்டும் இருவருக்கும் பொது.

சூட்டாஷ் என்றால் பலருக்குத் தெரியாது. நடுவில் மெல்லிய பள்ளம் ஓடும் பட்டு நாடா அது. மணிகளைச் சுற்றி அதை வளைத்து வளைத்து, கையாலேயே தைத்துக் கம்மல் செய்யலாம். நான் திருத்தணியில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு, இனி மெஷினை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு தொழிலும் தெரியாது. போனில் வீடியோ பார்த்து இதைக் கற்க ஆரம்பித்தேன். ஊசி பிடித்தவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும்.

முதல் ஜோடி

நாடாவின் பள்ளத்தில்தான் ஊசி இறங்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் தையல் வெளியே பல்லைக் காட்டும். தைப்பேன், பிரிப்பேன், மறுபடியும் தைப்பேன். என் மெஷினை வீட்டுக்காரர் பழைய புடவையால் மூடி வைத்திருந்தார். அந்தப் பக்கம் கண் போகாமல் இருக்கவே குனிந்த தலை நிமிராமல் தைத்தேன்.

ஒருவழியாக ஒரு ஜோடி முடிந்தது. ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவரிடம், "எப்படி கீது பாவா?" என்று நீட்டினேன். மாமன் மகன் என்பதால் வீட்டுக்காரர் எனக்கு இன்னும் பாவாதான். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுதுவிடுவேன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"ஒண்ணு அக்கா, ஒண்ணு தங்கச்சி மாதிரி கீது. ஆனா ரெண்டும் ஒரே வூட்டுப் பொண்ணுங்கதான்."

பின்பக்கம்

முதலில் வாங்கியவர் ராணியம்மா. கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் பூ விற்பவர். கனமான கம்மல் இழுத்து இழுத்துக் காது அறுந்து, தையல் போட்டு ஆறியிருந்தது. பாரமாக எதுவும் போடக்கூடாதாம். "இது நாடாவும் மணியும்தாங்க, பஞ்சு மாதிரி இருக்கும்" என்று சொல்லி அரக்கு நிறத்தில் ஒரு ஜோடி கொடுத்தேன்.

சில நாளில் திரும்பி வந்தார். பார்த்தவர்களெல்லாம் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக் காட்டினார். காதுமடல் சிவந்து வீங்கியிருந்தது. கம்மலைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். என் முடிச்சுகள், வெட்டிவிட்ட நூல்முனைகள், காய்ந்து கல்லாகிப்போன பசை. அவர் திட்டவில்லை.

"முன்னாடி ஊர் பாக்கறதுக்கும்மா. பின்னாடிதான் எனக்கு."

மலைமேல்

அதற்குப் பிறகு பின்பக்கத்துக்கு மெத்தென்ற துணி வைத்துத் தைக்கப் பழகினேன். ராணியம்மாவுக்கும் வேறு ஜோடி செய்து கொடுத்தேன். அவர் சொல்லித்தான் கே.ஜி.கண்டிகையிலிருந்து செல்வி வந்தாள். விவசாயக் குடும்பத்துப் பெண். புற்றுநோய்க்கு மருந்து ஏறியதில் முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் பிடரிவரை வளர்ந்திருந்தது. பிழைத்தால் முடி காணிக்கை என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். மொட்டை போடுகிற அன்றைக்குப் பெரிய கம்மல் வேண்டும் என்றாள்.

பச்சையும் நீலமுமாகச் செய்தேன். பாவாவின் ஆட்டோவில் அவளையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். முடி விழ விழ அம்மா தேம்பினார். "இப்பதானேடி வளர்ந்துகினு வந்துச்சி. மறுபடியும் மொட்டைத் தலையா பாக்கணுமா?"

செல்வி எழுந்து வந்து தலையில் சந்தனம் பூசிக்கொண்டாள். கம்மலை நான்தான் மாட்டிவிட்டேன். அவள் அசையாமல் நின்றாள். பிறகு அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"மொதல் தபா அதுவா போச்சிம்மா. இந்தத் தபா நானா குடுத்தேன்."

இந்தத் தொழிலில் இதுவரை எனக்குப் பிசகாமல் வருவது ஒரே வேலைதான்: வாங்க வந்தவர்கள் பேச ஆரம்பித்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்.