இரண்டு கையும் வேண்டிய இயந்திரம்

கிளிநொச்சிக்கு வெளியே இருக்கும் ஓட்டுத் தொழிற்சாலையில் ஆறு வருடமாக அச்சு இயந்திரத்தில் வேலை செய்கிறேன். பிசைந்த களிமண் தட்டைத் துண்டுகளாக வரும். ஒன்றை எடுத்துக் கீழ் அச்சில் வைத்துவிட்டு, இடமும் வலமும் இருக்கும் இரண்டு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேல் அச்சு இறங்கி மண்ணை ஓடாக்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது. சேர்ந்த முதல் நாள் இதைச் சொல்லித் தந்தபோது, இப்படி யோசித்தவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன்.

ஒரு மாரியில் வலப்பக்கப் பொத்தான் பழுதாகியது. புதியது கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். அதுவரைக்கும் என்று மெக்கானிக் உள்ளே ஒரு துண்டு வயரைக் கொடுத்து, இடப்பக்கப் பொத்தானை மட்டும் அழுத்தினாலே அச்சு இறங்கும்படி செய்துவிட்டுப் போனார். எனக்குப் பயமாக இருந்தது. சுப்பவைசரிடம் சொன்னேன். கவனமாக நின்றால் ஒன்றும் நடக்காது, ஒரு கிழமைதான் என்றார். கிழமை மாதங்களாகியது. பயமும் பழகிப்போனது. வலக்கை மண்ணை வைத்துவிட்டு வெளியே வரும் கணத்திலேயே இடக்கையால் அழுத்தக் கற்றுக்கொண்டேன். வேலை விரைவாக ஓடியது. மற்றவர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவள் வேலைக்கு வந்தாள். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து விசுவமடுவில் வாழ்க்கைப்பட்டவள். சின்ன வயதிலிருந்து தகப்பனுக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுத்தவள் என்பதால் விரல்களில் அப்படியொரு வேகம். பழக்கச் சொல்லி என்னிடம் விட்டார்கள். இரண்டு பொத்தான்களைப் பற்றியும் உள்ளே கொடுத்திருந்த வயரைப் பற்றியும் சொன்னேன். ஆனால் நான் செய்கிற மாதிரியேதான் செய்து காட்டினேன்.

"அக்கா, கை உள்ளுக்க நிக்கேக்க இறங்கினால்?" என்று கேட்டாள்.

"நான் எத்தினை மாதமாச் செய்யிறன். பழகினால் கை தானா வந்திடும்," என்றேன்.

மூன்றாம் கிழமை, காலைத் தேநீருக்குச் சற்று முன்பு அது நடந்தது. மண் துண்டு அச்சில் கோணலாக இருந்திருக்கிறது. நேராக்க வலக்கையை மறுபடி உள்ளே விட்டிருக்கிறாள். பழகிய இடக்கை தன் பாட்டில் அழுத்திவிட்டது. அவள் கத்தவில்லை. இயந்திரத்தின் சத்தம் மாறியதைக் கேட்டுத்தான் திரும்பினேன். ஓடிப்போய் நிறுத்தி அச்சைத் தூக்கினேன். நாலு விரல்கள் மண்ணோடு மண்ணாகியிருந்தன. துவாயால் கையைச் சுற்றி ஓட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் என் தோளில் சாய்ந்து செபம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இரண்டு நாள் கழித்து விசாரிக்கத் தொழில் திணைக்கள அதிகாரி வந்தார். அதற்குள் வயரைக் கழற்றிப் புதுப் பொத்தான் பூட்டியாயிற்று. மாதக்கணக்காக வராதது ஒரே நாளில் வந்திருந்தது. அவளே ஒரு பொத்தானில் எதையாவது செருகி வைத்திருக்க வேண்டும் என்றார் சுப்பவைசர். அதுவரை இரண்டு பொத்தான்களும் ஒழுங்காக வேலை செய்தனவா என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"ஓம்," என்றேன். அவர் எழுதியதில் கையெழுத்தும் வைத்தேன்.

வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் வயரைப் பற்றி வாய் திறந்திருந்தால், அதோடு வேலை செய்ய அவளைப் பழக்கியது யார் என்று அடுத்துக் கேட்டிருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள்.

"நீங்கள் வயரைப் பற்றிச் சொன்னனீங்கள்தானே, அக்கா?"

கொண்டுபோன தோடம்பழங்களைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

அவளுடைய கவனக்குறைவு என்றே முடிவாகியது. அவள் திரும்பி வரவில்லை. நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன். போன வருடம் பஸ்ஸில் அவளைக் கண்டேன். பக்கத்தில் மகள். என்னைக் கண்டதும் நகர்ந்து இருந்து எனக்கு இடம் விட்டாள். மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்தாள். அவள் இறங்கும்வரை நானும் மழையைப் பற்றியே கதைத்தேன். இப்போது அந்த நேரத்து பஸ்ஸில் நான் ஏறுவதில்லை.