புலிமுகத்தாளின் கண்ணாடிப் பெட்டி

ஈர மரத்தூளுக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. வாப்பாவின் சாரனில் ஒட்டிக்கொண்டு அது எங்கள் கல்முனை வீட்டுக்குள் தினமும் வரும். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஒரு பின்னேரம், அந்த வாசனையோடு பால்மாப் பேணி ஒன்றும் வந்தது. அதற்குள் எட்டுக் கால்கள் சுரண்டிக்கொண்டிருந்தன.

வாப்பாவுக்கு ‘மரக்காலை’ இருந்தது. காட்டோரத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் வருகிற மரக்குற்றிகளை வாங்கி, அறுத்து விற்கிற இடம். அன்று ஒரு பொந்துக் குற்றியைப் புரட்டியதும், என் உள்ளங்கை அகலத்தில் ஒரு புலிமுகச் சிலந்தி வெளியே வந்து, முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. வேலையாட்கள் பலகையை ஓங்க, “அடிக்காதீங்கடா, குகை வாசல்ல வலை கட்டின சாதி அது” என்றார் வாப்பா. நபிகள் நாயகம் மறைந்திருந்த குகையின் வாசலைச் சிலந்தி வலையால் மூடிக் காத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சிலந்தியை அடிக்கக் கை கூசும். ஆனால் நான் கேட்டதுபோல் வீட்டில் வைத்து வளர்ப்பது வேறு விஷயம். அதுவும், என் கூடப்பிறந்த ராத்தா தலைப்பிள்ளை பெற்று, நாற்பது நாள் கழியாமல் உள்ளறையில் படுத்திருந்த நேரம்.

உம்மா பேணியை ஒருதரம் எட்டிப் பார்த்தா. “இஞ்ச பாரு மனே, பச்சப்புள்ள இரிக்கிற ஊடு. அது ஒருக்கா வெளிய வந்திச்செண்டா நான் கதைக்க மாட்டன், மண்ணெண்ணெதான் கதைக்கும்.”

எனக்குச் சும்மாவே பயம் கூட. படலையைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருகிற பிள்ளை நான். அது பிள்ளையைக் கடித்துவிடுமோ என்று ஒரு பயம், மண்ணெண்ணெயில் செத்துவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: தவறவே தவறாத ஒரு பெட்டி. கட்டியே தீருவது என்று இறங்கினேன்.

முதலில் செய்த அட்டைச் சப்பாத்துப் பெட்டி, உள்ளே வைத்த தண்ணீர் சிந்தி, மூன்றாம் நாள் மூலையில் ஊறிப்போனது; நல்லவேளை, உம்மா காண முதல் நான் கண்டேன். பிறகு பாண்டிருப்பில் கண்ணாடி வெட்டுகிற அண்ணனிடம் கழிவுத் துண்டு கேட்டுப் போனேன். “மீனுக்கா தம்பி?” என்றார். சிலந்திக்கு என்றதும் கையிலிருந்ததை அப்படியே நீட்டி, “கொண்டு போ, காசு வேணாம். ஆனா ஆளைக் காட்டுறன் எண்டு இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்திராத” என்றார். மரக்காலைச் சட்டங்களுக்கு நடுவே அந்தக் கண்ணாடிகளைப் பசையால் ஒட்டி, உள்ளே ஒரு பொந்துக் கட்டையை நிறுத்தி, மூடிக்கு நுளம்பு வலை அடித்தேன். “என்ட புள்ளட வலையில இந்த ஓட்ட எப்பிடி வந்த?” என்று ராத்தா இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எறும்பு ஏறாமலிருக்க, சோற்று அலுமாரிக்கு உம்மா செய்வதுபோலவே, பெட்டியின் நாலு கால்களையும் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தினேன். உள்ளே இருந்தவளுக்குப் ‘புலிமுகத்தாள்’ என்று பெயர்.

புலிமுகத்தாள் பகல் முழுக்க அசையமாட்டாள். அசைகிற எதையாவது பார்க்கிற ஆசையில் முசுறு எறும்புக்கும் ஒரு வீடு கட்டினேன். இரண்டு ஜாம் போத்தல், நடுவில் ஒரு பப்பாசிக் குழல், உள்ளே மாவிலைக் கூடு. அதைப் புலிமுகத்தாளின் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். என்ன புத்தியோ!

ஒரு காலையில் புலிமுகத்தாள் மல்லாந்து கிடந்தாள். கால்கள் மேலே. முதல் நாள் போட்ட கரப்பொத்தான் தொடாமலே கிடந்தது. நான் மூடியைத் தட்டினேன், ஊதினேன். இல்லை. என் பெட்டிதான் கொன்றுவிட்டது. பிள்ளைக்குக் கிழித்து வைத்திருந்த வெள்ளைச் சீலையில் ஒரு துண்டெடுத்துச் சுற்றி, தலைப்பக்கமும் கால்பக்கமும் நூலால் கட்டினேன். ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று, “ஜனாஸா எத்தின மணிக்கு மச்சான்? தூக்கிப்போற சந்தூக்குக்கு நெருப்புப் பெட்டி காணுமா?” என்றார். நான் முருங்கையடியில் குழி தோண்டி, உள்ளே வைத்தேன். மண் தள்ளக் கை போனபோதுதான் ஞாபகம் வந்தது: பெரியவர்கள் மையித்தைக் குழிக்குள் வைத்ததும் தலைமாட்டுக் கட்டை அவிழ்த்து, முகத்தைத் தொழுகிற கிப்லாப் பக்கம் திருப்பிவிடுவார்கள். நானும் அவிழ்த்தேன்.

தலை ஓடு மூடிபோல் திறந்திருந்தது. ஈரச் சட்டையிலிருந்து கையை உருவுவதுபோல், வெளிறிய புதுக்கால் ஒன்று பழைய காலுக்குள்ளிருந்து மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

“உம்மா, மௌத்தாகல்ல! மௌத்தாகல்ல!”

“யா அல்லாஹ், ஆருடா மௌத்தாகல்ல?” என்று உம்மா அகப்பையோடு ஓடி வந்தா. சீலையைப் பார்த்ததும், “மௌத்துலயா விளையாடுற?” என்று அகப்பையை ஓங்கினா. பிறகு குனிந்தா. “இதுவும் பெத்தவ மாதிரித்தான் சோந்து கிடக்கு. காத்துப் படாம உள்ள கொண்டு வை.” மண்ணெண்ணெயைப் பற்றி அதற்குப் பிறகு அவ கதைக்கவே இல்லை.

சீலையோடு ஏந்திப்போய்ப் பெட்டிக்குள் வைத்தபோதுதான் பக்கத்துப் போத்தல் கண்ணில் பட்டது. இந்த மெத்தென்ற உடம்பில் நாலு முசுறு ஏறினால் போதும். ஒரு கிழமை பாடுபட்டுக் கட்டிய வீட்டை மாமரத்தடிக்குக் கொண்டுபோய் நானே உடைத்துக் கொட்டினேன். முழங்கை மட்டும் கடித்துத் தள்ளின. வந்து சிரட்டைகளில் தண்ணீரை நிரப்பிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் குந்தினேன். நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நாலாம் நாள் எழும்பிக் கட்டையில் ஏறினாள், முன்னைவிடப் பெரிசாக, பளபளவென்று.

சிலந்தி தோல் கழற்றுகிற பாடம் எந்த வகுப்பில் வருமோ தெரியாது. அது வர முதல் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். இப்போது ஷோகேசும் மீன்தொட்டியும் செய்கிற கடை வைத்திருக்கிறேன். மரக்காலை இருந்த இடத்தில் அலுமினியக் கதவு விற்கிறார்கள். குற்றி வருவதில்லை, பொந்தும் வருவதில்லை, பொந்துக்குள் இருப்பவளும் வருவதில்லை. புலிமுகத்தாள் பிறகும் சில வருடம் இருந்து, ஒருநாள் கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு குந்தியபடியே போய்விட்டாள். அந்த முறை நான் மூன்று நாள் காத்திருந்துதான் மண் போட்டேன்.

அன்று கழற்றிய தோல் மட்டும் என் கடையில், நாலு பக்கமும் ஒட்டிய சின்னக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. கடை பூட்டிப் பாதி வழி போனபிறகு சில நாட்களில் திரும்பி வருவேன். உள்ளே இருப்பது தோல்தான் என்று தெரியும். இருந்தாலும் மூடியை ஒருதரம் அமத்திப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.