கந்தகமும் ஆக்சிஜனும் ஒரே கூட்டம்

ரசாயனம் என்றாலே எனக்கு ஆகாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் சேலத்தில் இண்டர்மீடியட் படித்தேன். கல்லூரி வைக்கும் வாய்மொழித் தேர்வில் தேறாதவனைப் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். பரமத்தி வேலூரில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அப்பா சொல்லித்தான் அனுப்பினார்: "தேறுனாப் படி சாமி. இல்லீன்னா பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து கொடிக்காலுக்குத் தண்ணி கட்டு." அந்தச் சேற்றில் நாள் முழுக்க நிற்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

வகுப்புச் சுவரில் தனிமங்களின் அட்டவணை தொங்கியது. எது எந்த நெடுவரிசை என்பது மண்டையில் ஏறவேயில்லை. எங்கள் பக்கத்துக் குடியானவர்களில் கூட்டம் கூட்டமாகப் பிரிவு உண்டு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள். தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். அட, இதேதானே என்று ஒவ்வொரு நெடுவரிசையையும் ஒரு கூட்டமாக்கிவிட்டேன்.

அணுவின் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான் வைத்திருக்கும் சோடியம், பெண்ணைப் பெற்ற வீடு. ஒன்று குறைகிற குளோரின், பெண் தேடும் வீடு. கொடுத்தார்கள், எடுத்தார்கள், சோற்றுக்கு உப்பு ஆயிற்று. சோடியத்துக்குக் கீழே இருக்கும் பொட்டாசியத்துக்குச் சுற்று ஒன்று அதிகம். உட்கருவின் பிடி தளர்வு. எலக்ட்ரானைத் தள்ளிவிட அதற்கு இன்னும் அவசரம், தண்ணீரில் போட்டாலே தீப்பிடிக்கும். நியான் கூட்டத்துக்கு எல்லாம் நிறைவு; யாரோடும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வு நடத்திய பேராசிரியர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். என் இங்கிலீஷைச் சகிக்க மாட்டாமல் தமிழிலேயே கேட்டார். சோடியம், பொட்டாசியம் எல்லாம் மளமளவென்று சொன்னேன்.

"கந்தகமும் ஆக்சிஜனும் சேருமா?"

இரண்டும் ஒரே நெடுவரிசை. "சேராதுங்க சார். பங்காளிங்க."

"என்னது?"

"ஒரே கூட்டமுங்க. கட்டிக்க மாட்டாங்க."

அவர் ஒரு கரண்டியில் கந்தகத்தை எடுத்து விளக்கில் காட்டினார். நீலமாக எரிந்தது. புகை மூக்கில் ஏறி, இருமி இருமி என் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இப்ப வந்தது என்ன?"

"சல்ஃபர் டை ஆக்சைடுங்க."

"ரெண்டும் சேர்ந்ததுதானே?"

"ஆமாங்க. ஓடிப்போய்க் கட்டிக்கிட்டாங்களாட்ட இருக்குதுங்க. அதான் இந்த நாத்தம்."

பின்னால் நின்ற பயல்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். எனக்குக் கொடிக்கால் சேறு முழங்கால்வரை ஏறிவிட்டது.

"கடைசிக் கேள்வி. இதுக்கும் பங்காளி கிங்காளின்னா ஊருக்குக் கிளம்பிடு. ஆக்சிஜனும் ஆக்சிஜனும் எப்படிச் சேர்றது?"

அடப்பாவி! பங்காளிகூட இல்லை, கூடப்பிறந்ததுகள்! நாம் இழுக்கும் மூச்சே அதுதான் என்று தெரியும். இரண்டுக்குமே இரண்டிரண்டு எலக்ட்ரான் குறைச்சல். யார் யாருக்குக் கொடுப்பது? பயத்தில் எங்கள் ஊர்க் கிணறு ஞாபகத்துக்கு வந்தது.

"கொடுக்கறதும் இல்லீங்க, எடுக்கறதும் இல்லீங்க. அண்ணந்தம்பிங்க பொதுக் கெணறு வெச்சிருக்கற மாதிரிங்க. ஆளுக்கு ரெண்டு எலக்ட்ரானைப் பொதுவுல போட்டு, ரெண்டு பேருமே அனுபவிக்கறாங்க. ரெண்டு ஊடும் நெறஞ்சுருதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். "அனுப்பறேன். பரீட்சையில மட்டும் கிணத்தை விட்டுட்டு எழுது."

தஞ்சாவூர்க்காரருக்கு வாய்க்கால் பாசனம்தான் தெரியும். எங்கள் ஊரில் பொதுக் கிணற்றுக்காக அண்ணனும் தம்பியும் அரிவாளைத் தூக்காத வருஷமே கிடையாது. அதை அவரிடம் சொல்ல நான் என்ன கிறுக்கனா?